300 கிராம் கூடைக்கு ஏன் 3 கிலோ கூரியர் கட்டணம்?

ஆன்லைனில் புதிதாக விற்பவர்கள் பொருளை மட்டும் தராசில் வைத்துப் பார்த்து டெலிவரி கட்டணம் போட்டுவிடுகிறார்கள். கூரியர் பில் வந்ததும்தான் தலை சுற்றுகிறது. காரணம், கன அளவு எடை. பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் கணக்கு இது.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். (சில நிறுவனங்கள் வேறு எண் வைத்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.) பனை ஓலைக் கூடை ஒன்று 300 கிராம்தான். ஆனால் அது போகும் பெட்டி 30×25×20 என்றால் 15,000. வகுத்தால் 3 கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில்.

அநியாயமாகத் தோன்றும். சரி, வண்டிக்காரர் பக்கம் நின்று பாருங்கள். பஞ்சு மூட்டை ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், எடை ஏறியிருக்காது. டிரைவர் சம்பளமும் டோல் கட்டணமும் அதேதான்.

அதனால் பேக் செய்து டேப் ஒட்டிய பிறகு அளந்து, உள்ளூருக்கும் வெளிமாநிலத்துக்கும் தனித்தனியாக விலை கேட்டு, அப்புறம் கட்டணம் வையுங்கள். கூடைக்குள் கூடையாக மூன்றை அடுக்கி செட்டாக விற்றால், அதே பெட்டி, அதே 3 கிலோ.

மெல்லிய அட்டைக்கு மாறினால் கட்டணம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியின் அளவு மாறாதவரை இந்த மாதிரிப் பொருளுக்கு ஒரு பைசாகூடக் குறையாது, கூடைதான் நசுங்கிப் போய்ச் சேரும்.