தின்ன இலை இருந்தும் புழு ஏன் பெருகவில்லை?

அன்புள்ள ஐயா,
லயத்துக்குப் பின்னால் உள்ள தேயிலை மலைக்குப் பிள்ளைகளைப் பூச்சி பார்க்கக் கூட்டிப் போனேன். இரண்டு இலையை ஒட்டவைத்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்றிரண்டுதான் அகப்பட்டது. "தின்ன இவ்வளவு தேயிலை இருந்தும் ஏன் டீச்சர் புழு கொஞ்சமா இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். என்ன சொல்வது?
வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள டீச்சர்,

பையன் லேசுப்பட்டவன் இல்லை. இலை எவ்வளவு இருக்கிறது என்பதோடு, புழுவைத் தின்ன யார் காத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இதே புழு ஒரு காலத்தில் மலையகத் தோட்டங்களைப் படாத பாடு படுத்தியது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். நம்மைக் கொட்ட வரும் குளவி இல்லை, மெலிந்த சின்னப் பூச்சி. பெண் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டும். ஒட்டிய இலையைப் பிரிக்கும்போது புழுவுக்குப் பதில் வெறும் தோலும் பக்கத்தில் சின்னக் கூடுகளும் இருந்தால், குளவி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். புழு அடங்கியது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கிளையைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். (அந்த வண்டு மரத்தைத் தின்பதுகூட இல்லை, துளைக்குள் பூஞ்சை வளர்த்து அதைத்தான் தின்கிறது.) மருந்தில் குளவி அழிந்தது, புழு மறுபடி பெருகியது. தேயிலை என்னவோ அதே தேயிலைதான்.

உலகம் பச்சையாக இருப்பதே இலை தின்னிகளை எதிரிகள் அடக்கி வைப்பதால்தான் என்று 1960இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே படுகிறது. இலைகளுக்கும் கசப்பு, பால், முள் என்று சொந்தப் பாதுகாப்பு உண்டே.

எல்லாப் பூச்சிக்கும் இதே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஒரே காட்டுச்செடியை நம்பியிருக்கும் பூச்சிக்குச் சாப்பாடே அரிது. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டியதில் மேட்டுக்காடு துண்டு துண்டாகிவிட்டது. ஒரு துண்டில் அற்றுப்போன பூச்சி, இடையில் உள்ள தோட்டங்களைத் தாண்டி மறுபடி வந்து சேருவது லேசில்லை.

பையனிடம் ஒட்டிய இலைகள் சிலவற்றைப் போத்தலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்துப்பூச்சி வருகிறதா, குளவி வருகிறதா என்று அவனே எண்ணட்டும். மூடியில் ஓட்டை போட வேண்டாம், குளவி அதில் நுழைந்து போய்விடும். மெல்லிய துணி கட்டினால் போதும்.