சுருட்டு எவ்ளோ இழுத்தாலும் புகை வரல, ஊசி விட்டு குத்தலாமா?

துபாய்லேர்ந்து வந்த பாக்ஸ்ல நாலஞ்சு சுருட்டு கன்னம் ஒட்ட இழுத்தாலும் புகையே வரல, குத்தி விடலாமான்னு கேட்டிருக்கீங்க. குத்தலாம், ஆனா அது கடைசி வழி. முதல்லயே குத்தப்போய் ரெண்டு நல்ல சுருட்டு மேல் இலை கிழிஞ்சு வீணா போச்சு எனக்கு, அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சென்னைல இருக்கீங்கன்னு சொன்னதால எனக்கு முதல் சந்தேகம் ஈரத்து மேலதான். புகையிலை காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டு உப்பிடும், இலைக்கு இலை நடுவுல இருக்கற சந்து அடைச்சுக்கும், மழை சீசன்ல நம்ம ஊர் ஈரப்பதம் 80ஐ தாண்டி நிக்கும்போது சாதா டப்பால வச்ச சுருட்டு வேற எப்படி இருக்கும் சொல்லுங்க. 65லேர்ந்து 69 வரைக்கும் போதும் அதுக்கு. நல்லா மூடற டப்பால 65 போவேடா பாக்கெட் (உள்ள ஈரப்பதத்த 65 சதவீதத்துலயே நிறுத்தி வைக்கற சின்ன பை) போட்டு ரெண்டு வாரம் அப்படியே விடுங்க. சீக்கிரமே பிடிக்கணும்னா அந்த ஒன்ன மட்டும் வெறும் மரப்பெட்டில போட்டு ஏசி ரூம்ல ஒருநாள் வைங்க. என் அனுபவத்துல பாதிக்கு மேல இதுலயே சரியாயிடும்.

அடுத்தது வெட்டு. பத்த வைக்கறதுக்கு முன்னாடி வெட்டிட்டு சும்மா இழுத்துப் பாருங்க, டைட்டா இருந்தா இன்னொரு மில்லிமீட்டர் வெட்டுங்க, ஆனா தலைல ஒட்டியிருக்கற தொப்பிய தாண்டி இறங்கிடாதீங்க, மேல் இலை பிரிஞ்சு வந்துடும். கூர் நுனி சுருட்டுன்னா இன்னும் தாராளமா வெட்டலாம், நிறைய பேர் அங்க ஊசி முனை அளவுக்கு ஓட்டை போட்டுட்டு சுருட்ட குறை சொல்றாங்க.

இதெல்லாம் பண்ணியும் வரலன்னா உள்ள முடிச்சு இருக்கு. சுத்தும்போது இலைய முறுக்கிட்டாலோ தடி நரம்பு குறுக்க விழுந்தாலோ இப்படி ஆகும். கியூபாலயே 90கள் கடைசில டிமாண்ட் எகிறி அவசர அவசரமா சுத்தினப்போ இந்த அடைப்பு பெரிய தலைவலியாச்சு, அப்புறம்தான் மேல் இலை சுத்தறதுக்கு முன்னாடியே மெஷின்ல மாட்டி காத்து எவ்ளோ போகுதுன்னு செக் பண்ற பழக்கம் வந்துச்சு. கையால சுத்தற சாமான், எவ்ளோ நல்ல கையா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு தப்பும்.

விரல்ல உருட்டி உருட்டி தடவுங்க, ஒரு இடம் மட்டும் கல்லு மாதிரி தட்டுப்படும், அதான் முடிச்சு. அங்க மெதுவா பிசைஞ்சு விடுங்க, சுருட்டு காய்ஞ்சிருந்தா மட்டும் பிசையாதீங்க, வெடிச்சிடும். அப்பவும் அசையலன்னாதான் ஊசி. சமையலறை மூங்கில் குச்சி வேண்டாம், அது இலைய ஓரமா தள்ளி இன்னும் இறுக்கிடும், நான் கெடுத்தது அதுலதான். சின்ன சின்ன பல்லு வச்ச மெல்லிசு ஸ்டீல் கம்பி இதுக்குன்னே விக்கறாங்க, வெட்டின நுனி வழியா நடு மையத்துல மெதுவா திருகிக்கிட்டே விட்டு, முடிச்ச தாண்டினதும் திருகி வெளிய இழுத்தா கொஞ்சம் தூளோட வரும். ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாத்துட்டு. ரொம்ப நோண்டினா புகை சூடா வந்து நாக்கு எரியும்.

பாதில அடைச்சுக்கிட்டா அது பெரும்பாலும் தார்தான், வாய் வைக்கற நுனில ரெண்டு மில்லிமீட்டர் வெட்டி எறிஞ்சிட்டு ஒருதடவை வெளிப்பக்கமா ஊதி விடுங்க. இதெல்லாம் பண்ணியும் திறக்காத சுருட்டு நூத்துல ஒண்ணு இருக்கும், அத பலம் போட்டு இழுத்துக்கிட்டே இருக்காம வச்சிட்டு வேற எடுத்துக்கோங்க.