அந்தக் குழந்தை நடக்கிறதே, என் குழந்தை?

கைக்குழந்தையோடு நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் தாய்மார்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை வீட்டிலிருந்தே வளர்த்த தாய் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் தவழவில்லை, உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி நகர்கிறாள். என்னோடு படித்த தோழி, ஒன்பது மாதமே ஆன தன் மகன் நிற்பதையும் எட்டு வைப்பதையும் தினமும் இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். நான் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் மகளோடுதான் இருக்கிறேன். அப்படியிருந்தும் எதையோ செய்யத் தவறிவிட்டேனோ என்ற நினைப்பில் தூக்கம் வருவதில்லை.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், சகோதரி. உங்கள் மகள் யாரும் பிடிக்காமல் உட்காருகிறாள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். அதற்கு யாரும் சொல்லித்தராத ஒரு வழியைத் தானே கண்டுபிடித்தும் இருக்கிறாள். இவற்றில் எனக்கு மகிழ்ச்சிதான் தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமாக வளர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்தத் திறன் எந்த வயதில் வருகிறது என்று அதில் குறித்திருக்கிறார்கள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் பருவம் 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை நீள்கிறது. துணையில்லாமல் நடக்கும் பருவம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. அதாவது, உங்கள் தோழியின் மகன் இந்த மாதமே நடந்துவிட்டாலும், உங்கள் மகள் இன்னும் ஆறு மாதம் கழித்து நடந்தாலும், இருவரும் அந்த எல்லைக்குள்தான் இருப்பார்கள். அந்தக் குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் முழங்காலிட்டுத் தவழவே இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தி எழுதியபோது, தவழ்தலை அதிலிருந்து எடுத்தேவிட்டது.

இனி அந்தக் காணொளிக்கு வருவோம். நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரன் அடால்ஃப் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும், 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் விளையாடும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணி, 2012இல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள். 17 முறை விழுதல். ஒன்பது மாதக் குழந்தை பதினைந்து விநாடி நிற்பதைக் காட்டும் ஒரு காணொளிக்கு முன்னாலும் இத்தகைய தள்ளாட்டங்களும் தடுமாற்றங்களும் எத்தனையோ நடந்திருக்கும். அவற்றைப் பார்த்தவர் அந்தத் தாய் ஒருவர்தான்.

என் மூத்தவன் தவழக் கற்றுக்கொண்ட நாள்கள் இன்றும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. எதிரே கிடக்கும் சிவப்புப் பந்தை எடுக்கத் தரையில் குப்புறப் படுத்தபடி முழு மூச்சாகக் கைகளை ஊன்றித் தள்ளுவான். கைகளுக்கு வந்த பலம் கால்களுக்கு இன்னும் வராததால் உடல் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். பந்து தூரமாகிக்கொண்டே இருக்க, அதிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடுவான். உள்ளேயிருந்து ஒரு கோபக் குரல் கேட்கும். இழுத்து வெளியே விட்டால், மறுபடியும் அதே பந்து, அதே கட்டில். ஒரு காலைப்பொழுதில் மட்டும் ஏழு முறை இழுத்தேன். ஏழாவது முறை அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். தவழ்ந்தான் என்று சொல்ல எதுவும் இல்லாத நாள் அது. ஆனால் தவழ்தல் என்பது அந்தத் தரையில் அப்போதே தொடங்கிவிட்டிருந்தது.

ஆகவே மகளைத் தரையில் விடுங்கள். கைக்கு எட்டாத தூரத்தில் அவளுக்குப் பிடித்த ஒன்றை வையுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். யாராவது நடைவண்டி வாங்கச் சொன்னால், குழந்தையை உள்ளே உட்காரவைத்து உருட்டும் சக்கர வண்டியை மட்டும் வாங்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. படிகளில் உருண்டு விழும் ஆபத்துதான் அதில் அதிகம். கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

தோழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரும் உங்களைப் போலவே, பேச்சுத்துணைக்குப் பெரியவர் ஒருவர்கூட இல்லாத வீட்டில் பகல் முழுவதையும் கழிப்பவராக இருக்கலாம். மகன் எழுந்து நின்ற அந்த நொடியில் "பார்த்தாயா!" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லாமல் கைப்பேசியிடம் சொல்லியிருப்பார். பதிவுகள் மனத்தை வருத்தினால் சில மாதங்களுக்கு அவை கண்ணில் படாதபடி நிறுத்திவையுங்கள். அதில் தவறே இல்லை. ஆனால் வாரம் ஒரு முறை அவருடன் தொலைபேசியில் பேசுங்கள். கட்டிலடிக் கதைகள் அவரிடமும் நிறைய இருக்கும்.

கேள்வி: "எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் எப்போதுதான் மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, ஒன்பது மாதம் முடிந்தும் தாங்கிப் பிடிக்காமல் உட்கார முடியாத குழந்தை, ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் எழுப்பாத அல்லது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தை ஆகியோரைக் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்கினாலும் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த திறன் மறைந்துபோவது. பேசிய சொல்லை நிறுத்திவிட்டாலோ, உட்கார்ந்த குழந்தை உட்கார முடியாமல் போனாலோ, எந்த வயதானாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இதை மறந்துவிட்டுக் கலங்கும் தாய்மார்கள் பலர்.

நாள் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் நீங்கள். "ஏதோ சரியில்லை" என்று உங்களுக்குத் தோன்றினால், அதுவே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

கேள்வி: என் மகன் புரளத் தொடங்கியிருக்கிறான். ஆனால் காணொளி எடுக்கக் கைப்பேசியைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிடுகிறான்! அலுவலகத்தில் இருக்கும் அவன் அப்பா தினமும் கேட்கிறார்.

பதில்: இதைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. பாதிப் புரளலில் இருக்கும் குழந்தைக்கு, அம்மாவின் முகத்தைத் திடீரென்று மறைத்துக்கொண்டு மின்னும் பொருள் ஒன்று தோன்றினால், புரளுவதைவிட அதுதான் சுவாரசியம். கண் அங்கே போகும், கை அதைப் பிடிக்க நீளும், புரளல் மறந்துபோகும். கைப்பேசியை ஓர் அலமாரியின் மேல் சாய்த்துப் பதிவை ஓடவிட்டுவிட்டு, நீங்கள் தரையில் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் காணொளி. கிடைக்காவிட்டால் மாலையில் அவன் அப்பாவையே தரையில் படுக்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்க்க மகன் கட்டாயம் புரளுவான்.

கேள்வி: குழந்தையின் ஒவ்வொரு படத்தையும் வெளியிடுவது சரியா? ஒன்றையும் போடாவிட்டால் பின்னாளில் அவளுக்கு நினைவென்று என்ன மிஞ்சும்?

பதில்: பதிவு செய்துவைப்பதையும் வெளியிடுவதையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சார்லஸ் டார்வின், 1839இல் பிறந்த தன் மூத்த மகனைக் கூர்ந்து பார்த்து நாட்குறிப்பு எழுதினார். உண்மையான முதல் புன்னகை 45ஆம் நாளில் வந்தது என்றுகூட அதில் இருக்கிறது. அந்தக் குறிப்புகளை ஓர் ஆய்விதழில் அவர் வெளியிட்டது 1877இல். அப்போது மகனுக்கு 37 வயது.

அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆக வேண்டும்; அந்த வயதை எட்டும் முன்பே தன் குளியலும் அழுகையும் ஊரார் பார்வைக்குப் போய்விட்டதை ஒரு குழந்தை அறிந்தால் அதற்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தாருக்கு மட்டும் அனுப்புங்கள். உடையில்லாத படம், நோயில் படுத்திருக்கும் படம், வீட்டு முகவரியைக் காட்டிக்கொடுக்கும் படம் ஆகியவற்றை யாருக்குமே அனுப்ப வேண்டாம். கூடவே ஒரு குறிப்பேடும் வையுங்கள். நாளும் நேரமும் இல்லாவிட்டாலும், நடந்ததை இரண்டு வரி எழுதினால் போதும்.

என் மூத்தவனுக்கு ஆறு வயதானபோது அந்தச் சிவப்புப் பந்துப் பக்கத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஏழு முறை கட்டிலுக்கு அடியில் போனதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவன், சட்டென்று நிறுத்திவிட்டு, "கடைசியில் பந்தை எடுத்தேனா, அம்மா?" என்று கவலையோடு கேட்டான். பதினொரு நாள் தள்ளி இருந்த பக்கத்தைப் புரட்டி, அவன் அதை எடுத்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன்.