சேமக்காலையில் இருக்கும் ஒஸ்டின்

கேள்வி: எங்கள் ஊர்ப் புனித ஸ்டீபன் சேமக்காலையில் சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி என்கிறார்கள். ஒஸ்டின் என்பது ஊர்ப் பெயரா, தொழிற்பெயரா? என் தகப்பனார் வைத்திருந்த ஒஸ்டின் காருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி என்பது சரியே. 1779இல் பிறந்த சார்ள்ஸ், ஜேனுக்கு நேர் இளையவர். இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 ஒக்டோபரில், ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியால் இறந்த அவர், அன்று பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒஸ்டின் ஊரையும் குறிக்கவில்லை, தொழிலையும் குறிக்கவில்லை. அது ஓர் ஆணின் இயற்பெயர். 'வணக்கத்துக்குரிய' என்று பொருள்படும் அகுஸ்துஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அகுஸ்தீனுஸ் என்ற பெயர் பிறந்தது. பிரெஞ்சு வாய்வழக்கில் அதன் நடுவிலிருந்த ககர ஓசை தேய்ந்துபோக, எஞ்சிய வடிவம் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மானியரின் மொழியோடு அங்கு சென்று ஒஸ்டின் ஆயிற்று. நம்மூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் அகுஸ்தீன் என்று பெயரிடப்பட்டவரும் ஜேன் ஒஸ்டினும் தாங்குவது ஒரே பெயரைத்தான். ஓகஸ்ட் மாதமும் அதே வேரில் முளைத்ததே. 597இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு வந்து கிறிஸ்தவம் போதித்த புனித அகுஸ்தீனாரும், அவருக்கு முன் வாழ்ந்த, 430இல் மறைந்த ஹிப்போ நகர் அகுஸ்தீனாரும் அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள்.

நம்மிடையே தகப்பனின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கிறது. பேரன் காலத்தில் அந்த எழுத்து மாறிவிடுகிறது. இங்கிலாந்திலும் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒஸ்டின் என்பவரின் மகன் ஜோன், 'ஜோன் ஒஸ்டின்' என்று அறியப்பட்டார். ஆனால் நிலவுரிமையும் வரிப்பதிவும் பெருகிய இடைக்காலத்தில், ஏதோ ஒரு தலைமுறைத் தகப்பனின் பெயர் அடுத்த தலைமுறையில் மாறாமல் உறைந்து, குடும்பப் பெயராகிவிட்டது. அந்த உறைவு பல ஊர்களில் தனித்தனியாக நிகழ்ந்ததால், ஒஸ்டின்கள் எல்லாரும் ஒரே வழித்தோன்றல்கள் என்று கொள்ள முடியாது. ஜேனின் முன்னோர் கென்ட்டில் கம்பளித் துணி வணிகத்தால் செழித்தவர்கள். உங்கள் தகப்பனாரின் காரோ, 1905இல் பர்மிங்காமுக்கு அருகே லோங்பிரிட்ஜில் ஹேர்பேர்ட் ஒஸ்டின் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைக் கொண்டது.

ஆங்கிலத்தில் எழுதும்போது நாவலாசிரியையின் பெயரில் கடைசி உயிரெழுத்து 'e' (Austen), காரின் பெயரில் 'i' (Austin) என்பதை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. 1538இல் தொடங்கிய கோவிற்பற்றுப் பதிவேடுகளில், எழுதுபவர் காதில் விழுந்தபடியே பெயர்கள் ஏறின. அண்ணனின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் தம்பியுடையதில் வேறு விதமாகவும் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துகள் இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. பெயர் ஒன்று என்பது உறுதி. அதைக் கொண்டு மட்டும் அந்தக் காரைச் சேமக்காலைத் தளபதியின் உறவாக்க இயலாது.