மூன்று பாஸ் கணக்கு

கேள்வி: கால்பந்தில் நடுக்களத்தைத் தாண்டிப் பந்தை நீளமாகத் தூக்கி அடித்துத் தாக்கும் 'லாங் பால்' உத்தியின் பலம், பலவீனம் என்ன? புள்ளிவிவரத்தோடு விளக்கவும்.
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: புள்ளிவிவரத்தோடா? இந்த உத்தியைக் கெடுத்ததே அதுதான் ஐயா. சார்ல்ஸ் ரீப் என்று ஒருவர், பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்குப் பிரிவு அதிகாரி. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தைப் பார்க்கப் போன இடத்தில், ஒவ்வொரு தாக்குதலையும் நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள், அதாவது சக வீரருக்குப் பந்தை மூன்று முறை தள்ளிவிடுவதற்குள், விழுகின்றன. ஆகவே சுற்றி வளைக்காதே, தூக்கி அடி என்றார்.

கணக்கு சரி. 'ஆகவே'தான் தப்பு. பெரும்பாலான தாக்குதல்கள் மூன்று பாஸைத் தாண்டுவதே இல்லை, அதற்குள் பந்து பறிபோய்விடும். அப்படியிருக்க, கோலும் அங்கேதானே அதிகம் விழும்? சாலை விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் அன்று காலையில் டீ குடித்தவர்கள் என்பதற்காக டீக்கடையை மூடச் சொல்வோமா? சொல்வார்கள் சிலர். தேர்தல் முடிவு நாளில் கோட்டு போட்டுக்கொண்டு டிவியில் உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள். காலையில் சொன்னதற்கு நேர்மாறாக மாலையில் சொல்லி, இரண்டுக்கும் ஒரே அட்டவணையைக் காட்டுவார்கள். இதை எழுதியதற்காக அவர்களில் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

சரி, பலம். எகில் ஓல்சன் பயிற்சி கொடுத்த நார்வே அணியைப் பாருங்கள். ஆறடியைத் தாண்டிய யோஸ்டைன் ஃப்ளோவை வலது ஓரத்தில் நிறுத்தி, எதிரணியின் குள்ளமான இடது பின்கள வீரரின் தலைக்கு மேல் பந்தைப் போட்டார்கள். நடுக்களத்தில் வித்தைக்காரர்கள் தேவையில்லை. எதிரணி சுதாரிப்பதற்குள் பந்து கோல் பக்கம் போய்விடும். 1993-ல் ஓஸ்லோவில் இங்கிலாந்தை 2-0 என வென்றார்கள். தோற்ற அணியின் பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் யார் தெரியுமா? இதே நேரடி ஆட்டத்தால் வாட்ஃபோர்டு கிளப்பை 1982-83-ல், இங்கிலாந்தின் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர்!

பலவீனம்? தலையில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பொறுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், பந்து எதிரணிக்குத் தானம். அப்புறம் அதைப் பிடுங்க வெயிலில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 1998 உலகக் கோப்பையில் பிரேசிலையே 2-1 என வென்ற ஓல்சனின் நார்வே, அடுத்த ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக ஒரு கோல்கூடப் போட முடியாமல் ஊர் திரும்பியது.

இன்னும் புள்ளிவிவரம் வேண்டுமென்றால் கிரிக்கெட் பக்கம் போங்கள். மழை நின்ற பிறகு இடக்கை ஆட்டக்காரர்கள் அடித்த அரைசதங்களுக்குக்கூட அங்கே பட்டியல் வைத்திருப்பார்கள்.