ஃபிரிட்ஜுக்குள் ஸ்கூட்டி சாவி

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். திரைப்படம், தொலைக்காட்சித் தயாரிப்பைப் பல்கலைக்கழகப் பட்டமாகத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தயாரிப்பு என்றால் பணம் போடுவதுதானே, அதற்கு எதற்கு நாலு வருஷப் படிப்பு? சினிமாதான் ஆசை என்றால் யாரிடமாவது அசிஸ்டெண்டாகச் சேர்ந்துவிடலாமே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. தயாரிப்பு.

பணம் போடுவதுதான் தயாரிப்பு என்று தமிழ் சினிமா நம் எல்லோருக்கும் பழக்கிவிட்டது. டைட்டிலில் அந்தச் சொல் வந்தால் பக்கத்தில் முதலாளியின் பெயர் இருக்கும். ஆனால் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள், உள்ளே இருப்பது 'தயார்'. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு தேங்காய் துருவ ஆரம்பிக்கும் சமையற்காரரை அடுத்த கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கே காய் நறுக்கி, பருப்பை ஊறவைத்து, இலைக்கட்டை எண்ணிப் பார்ப்பவர்தான் கெட்டிக்காரர். படப்பிடிப்பும் அப்படித்தான். காலை ஆறு மணிக்கு முதல் ஷாட் என்றால், யார் எத்தனை மணிக்கு எங்கே வரவேண்டும் என்ற தாள் முந்தின நாள் மாலையே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிக் கடிதம் கொடுத்தாக வேண்டும். ஜெனரேட்டர் வண்டியை எங்கே நிறுத்தினால் அதன் உறுமல் மைக்கில் விழாது என்று பார்த்து வைக்க வேண்டும். போன வாரம் எடுத்த காட்சியில் கதாநாயகி கையில் எத்தனை வளையல் இருந்தது என்று குறிப்பு வேண்டும். பணம் இதில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் மூளையும் பொறுப்பும்.

ஒன்று சொல்கிறேன். போன வருஷம் எங்கள் வீட்டில் ஐந்து மாணவர்கள் ஒரு குறும்படம் எடுத்தார்கள். ஒலிப்பதிவு செய்தது ஒரு பெண். வந்தவுடன் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். அப்புறம் தன் ஸ்கூட்டி சாவியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது?" என்று கேட்டார். "ஃபிரிட்ஜ் சத்தம் வசனத்தோட சேர்ந்துக்கும் ஆன்ட்டி, அதான் ஆஃப் பண்ணியிருக்கேன். திரும்பப் போட மறந்துட்டா உங்க பால் கெட்டுடும். சாவி உள்ளே இருந்தா நான் வீட்டுக்குப் போக இதைத் திறந்துதானே ஆகணும்?"

ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, யாருமே பேசாத அந்த அறையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டாள். ரூம் டோன் என்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் சும்மா இருக்கும்போது ஒரு சத்தம் உண்டு. எடிட்டிங்கில் இரண்டு வசனத்துக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால் காது பள்ளத்தில் விழுந்ததுபோல இருக்கும். அந்த ஒரு நிமிடம் ஐந்து பிள்ளைகளும் நானும் மனைவியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவள் கற்றது வெறும் மைக் பிடிப்பதை அல்ல. அடுத்தவர் வீட்டுப் பால் கெடக் கூடாது என்பதும் அந்தப் படிப்பில் சேர்த்தி. இதைத்தான் நான் தயாரிப்பு என்கிறேன்.

சரி, அசிஸ்டெண்டாகச் சேர்வது? அதுவும் நல்ல வழிதான், மறுக்கவே மாட்டேன். பாரதிராஜா கன்னடத்தில் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்து வந்தவர். ஒளிப்பதிவாளர் பி.ஆர்.விஜயலட்சுமி அசோக்குமாரிடம் வேலை கற்றவர். மறுபக்கம், பாலுமகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் படித்தார், பி.சி.ஸ்ரீராம் சென்னை திரைப்படக் கல்லூரியில் படித்தார். இரண்டு வாசலிலும் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் "சினிமாவைச் சொல்லிக்கொடுக்க முடியாது, அது ரத்தத்தில் வரணும்" என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. அசிஸ்டெண்டாக இருக்கும் பிள்ளை செய்கிற தப்பு அடுத்தவர் காசில் விழும் தப்பு. அதனால் அவளைத் தப்பு செய்ய விட மாட்டார்கள். கிளாப் போர்டோடு வருஷங்கள் ஓடிப்போகும். கல்லூரியில்தான் ஒரு பெண் தைரியமாக லைட்டைத் தப்பாக வைத்து, அன்றைக்கே திரையில் பார்த்து, ஏன் தப்பு என்று ஆசிரியரிடம் கேட்டு, மறுநாள் மாற்றி வைக்க முடியும்.

உலகத்தின் முதல் திரைப்படக் கல்லூரி மாஸ்கோவில் 1919-ல் தொடங்கியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம், பிலிம் கிடைக்கவில்லை. அங்கே ஆசிரியராக இருந்த இயக்குநர் குலஷோவ் தன் மாணவர்களைப் பிலிமே இல்லாமல் 'படம்' எடுக்க வைத்தார். காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து மேடையில் நடித்துப் பழகினார்கள். பிற்பாடு பெரிய இயக்குநரான புதோவ்கின் அவரிடம் பயின்றவர்தான். கையில் ஒன்றுமில்லாதபோதும் சொல்லிக்கொடுக்க முடிந்திருக்கிறதே!

இன்னொன்று, உடன் படிக்கிறவர்கள். 1986-ல் 'ஊமை விழிகள்' வந்தது. சென்னை திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் எழுதித் தயாரித்தார், அரவிந்தராஜ் இயக்கினார். ஒரே கேன்டீனில் டீ குடித்தவர்கள் ஒரு யூனிட்டாக எழுந்து வந்தார்கள். அந்தக் கூட்டு வெளியே தனியாக அலைகிற பிள்ளைக்கு அவ்வளவு சுலபத்தில் அமையாது.

ஆனால் எல்லாக் கல்லூரியும் கல்லூரி இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற இடம். கண்ணாடி அலமாரியில் விலை உயர்ந்த கேமரா ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. நான் போனது சித்திரை மாதம். ஆறு மாதமாக எந்தப் பிள்ளையின் கையும் அதன்மேல் படவில்லை! அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. நீங்கள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஆண்டு விழாவன்று போகாதீர்கள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்கள். கேமரா அலமாரியில் இருக்கிறதா, பிள்ளைகள் தோளில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இடங்கள் சொல்ல வேண்டும். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மேலே சொன்ன சென்னை திரைப்படக் கல்லூரி இதுதான். 1945-ல் தொடங்கியது, பழைய ஆட்கள் இன்னும் அடையாறு இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வார்கள். இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் பட்டம், பிளஸ் டூ முடித்தவுடன் சேரலாம். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. புனேயும் கொல்கத்தாவும் பட்டம் முடித்த பிறகு. கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்தில் தயாரிப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பிற்பாடு உதவும்.

தொலைக்காட்சி என்ற பாதியை அவள் விட்டுவிடக் கூடாது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கிய நாளிலிருந்து தொலைக்காட்சியைச் சினிமாவின் ஏழைத் தங்கையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நேரலையில் மூன்று கேமராவைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்து, எது இப்போது வீட்டுக்குப் போக வேண்டும் என்று நொடியில் முடிவெடுக்கிற வேலைக்கு இரண்டாவது டேக் கிடையாது. அந்த அறையில் ஒரு வருஷம் பழகிய பெண் எந்த செட்டிலும் பதற மாட்டாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், நீங்கள் கேட்காதது. 1931-ல் வந்த தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்று அதன் ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை. பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும் மிஞ்சின, படம் மிஞ்சவில்லை. எடுப்பதற்குத் தயாராக இருந்தார்கள், வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. இன்றைய மாணவர்களும் மூன்று மாதம் உழைத்து எடுத்ததை ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோகிறார்கள். அது கீழே விழுந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மகளைச் சேர்த்துவிட்டால் முதல் வேலையாக இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொடுங்கள். ஒன்று அவள் பையில் இருக்கட்டும். இன்னொன்றின் மேல் படத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பீரோவில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.