ஆணுறை கிழிந்து பத்து நாள் ஆகிறது, எச்.ஐ.வி. டெஸ்ட் எப்போது எடுப்பது?

கேள்வி: "சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், வேலை திருப்பூரில். பத்து நாளைக்கு முன்னால் அறிமுகமில்லாத ஒரு பெண்ணோடு ஒருமுறை உறவு. நடுவில் ஆணுறை கிழிந்துவிட்டது. முந்தாநாளிலிருந்து தொண்டை வலி, காய்ச்சல். எச்.ஐ.வி. வந்துவிட்டதா? அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், வீட்டில் மனைவி இருக்கிறாள். தஞ்சாவூரில் டெஸ்ட் எடுத்தால் வெளியே தெரிந்துவிடுமா?"

தம்பி, டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்டும் தரும் இடத்தில், நான் ஆலோசகர். நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற கேள்வியோடுதான் பலரும் என் எதிரே வந்து உட்காருகிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்களுக்குத் தொற்றியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் "இல்லவே இல்லை" என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், முதலில் அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்து, அவர் மருந்தும் எடுக்காதவர் என்றே வைத்துக்கொண்டாலும், ஆணுறை இல்லாமல் ஒருமுறை யோனிவழி உறவு கொண்ட ஆணுக்குத் தொற்றுவது 10,000-க்கு சுமார் 4 தடவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே உறவில் பெண்ணுக்கு சுமார் 8. ஆசனவாய் வழி உறவில் உள்வாங்குபவருக்கு 138 வரை போகிறது. எல்லாம் சராசரிதான். யாருக்காவது பிறப்புறுப்பில் புண் இருந்தாலோ, எதிரில் இருப்பவருக்கு அண்மையில்தான் தொற்றியிருந்தாலோ ஆபத்து கூடும். ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துபோனவரிடமிருந்து உறவு வழியாகப் பரவாது. "பார்க்க நல்லா ஆரோக்கியமாத்தான் இருந்தாங்க மேடம்" என்று பலர் சொல்வார்கள். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நான் கேட்பதெல்லாம் என்ன வகை உறவு, ஆணுறை எந்தக் கட்டத்தில் கிழிந்தது, நடந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைத்தான்.

எத்தனை மணி நேரம் என்பதில்தான் எனக்கு மனசு ஆறவே ஆறாது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது, தம்பி. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தாண்டாமல் இருக்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்திருக்கும். சனி, ஞாயிறு முழுக்க செல்போனில் தேடிக்கொண்டே இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வந்து நிற்பார்கள். அந்த இரண்டு நாளைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு என்று எதுவும் பார்க்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் இருக்கிறது. மாத்திரை தேவையா என்று டாக்டர் பார்த்து முடிவு செய்வார். ஓர் இடத்தில் தட்டிக்கழித்தால் அதோடு திரும்பிவிடாமல் 1097-க்கு போன் போட்டு எங்கே போவது என்று கேளுங்கள். கட்டணமில்லாத எண், தமிழிலேயே பேசலாம்.

சரி, உங்கள் காய்ச்சலுக்கு வருவோம். எச்.ஐ.வி. தொற்றினால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் காய்ச்சல் வராத வீடு எது? டெங்கு, டைபாய்டு, சாதாரண சளி என்று எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்கு டாக்டரைப் பாருங்கள், நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் அந்தக் காய்ச்சலை வைத்து எச்.ஐ.வி. உண்டு, இல்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். அதை டெஸ்ட்தான் சொல்லும்.

டெஸ்டையும் அவசரப்பட்டு எடுத்துப் பயனில்லை. விதை தெளித்த மறுநாளே நாற்றங்காலில் பச்சை தெரியாது, இல்லையா? கிருமி நுழைந்து, உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிய பிறகுதான் சாதாரண டெஸ்டில் தெரியும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். இதுவரை டெஸ்டே எடுத்ததில்லை என்றால் இப்போது ஒன்று எடுத்துவிடுங்கள். அது இந்தச் சம்பவத்துக்கு முந்தைய நிலையைச் சொல்லும். அப்புறம் 45 நாள் ஆனதும் ஒன்று. எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கிற நான்காம் தலைமுறை டெஸ்டை லேபில் நரம்பு ரத்தத்தில் செய்து, அந்த நாளில் நெகட்டிவ் என்று வந்தால் பெரிய நிம்மதி. கார்டில் பார்க்கும் ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள் முடிந்து எடுப்பதுதான் கடைசி வார்த்தை. நடுவில் வேறு சம்பவம் எதுவும் இல்லாமல் அதுவும் நெகட்டிவ் என்றால், விஷயம் முடிந்தது. மாதாமாதம் வந்து கையை நீட்ட வேண்டாம். அப்படி வருகிற ஒருவர் எங்களிடம் உண்டு. எத்தனை நெகட்டிவ் வந்தாலும் அவருக்கு ஆறவில்லை. அவரை அரிப்பது குற்ற உணர்வு, அதற்கு ரத்தப் பரிசோதனையில் மருந்து இல்லை. இப்போது மனநல டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தூக்கம் வருகிறது என்கிறார்.

டெஸ்டுக்கு வெட்கப்பட்டு ரத்ததான முகாமில் போய்ப் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள், "எப்படியும் செக் பண்ணுவாங்கல்ல" என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தொடக்க நாட்களில் டெஸ்டில் பிடிபடாத கிருமி அந்தப் பாக்கெட் வழியாக, பிரசவத்தில் ரத்தம் இழந்த ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேரலாம்.

அதே ரத்தத்தில், உறவு வழியாகப் பரவும் வேறு தொற்றுகளான சிபிலிஸும் ஹெபடைடிஸ் பி-யும் பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புறுப்பில் வலிக்காத புண் வந்து தானாக ஆறினாலும் காட்டிவிடுங்கள், அது சிபிலிஸாக இருக்கலாம்.

வெளியே தெரியுமா என்ற பயம் எனக்குப் புரிகிறது. எங்களிடம் வருகிறவர்களில் சிலர் உட்காருவதற்கு முன்பே "மேடம், நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, அதுவே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. எந்த ஊர் மையத்திலும் எடுக்கலாம், திருப்பூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்று ஒரு கிட் காட்டினால் அதோடு சொல்லிவிட மாட்டோம், வேறு வேறு கிட்டுகளில் மூன்று முறை பார்த்த பிறகே சொல்வோம். அப்படி வந்தாலும் அன்றே சிகிச்சைக்குக் கைகாட்டி விடுவோம். மருந்து வாழ்நாள் முழுக்க இலவசம். வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்தவர்கள் இந்த டெல்டாவிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. கடைசி முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் நெருங்கவே கூடாது. அவர் கர்ப்பமாக இருந்தாலோ குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ இன்னும் கவனம் வேண்டும், அந்த நாட்களில் தாய்க்குத் தொற்றினால் குழந்தைக்கும் போகலாம். திடீரென்று ஆணுறை எடுத்தால் ஏன் என்று கேட்பார். "டாக்டர் கொஞ்ச நாள் சொல்லியிருக்கிறார்" என்று சமாளிக்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் சொல்லிவிடுவதே நல்லது, அவர் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. தனியாகச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் மையத்துக்கு இருவரும் வாருங்கள், பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.